கொடி சார்

ஊருக்கு ஊர் சில ஆட்கள் வாய்த்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க ஒருவர், சாவு வீட்டில் மூங்கில் பிளந்து பாடை கட்ட ஒருவர், தண்ணீர் மோட்டார் ஓடாத அன்று கூப்பிட ஒருவர். எங்கள் பருத்திப்பட்டில் கொடி கட்டவும் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே சாரணர் படையும் நடத்தியவர். கணக்கிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, சாரணரிலிருந்து இன்னும் பெறவில்லை. அவருடைய பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கொடி சார். வீட்டுக்குப் போன் செய்தால் அவர் மனைவியே, "கொடி சார் வீடுதான், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

பெயரை மட்டும் கேள்விப்பட்டு, கட்சிக்கொடி கட்டுகிற கான்ட்ராக்டர் என்று நினைத்து வந்து நிற்பவர்களும் உண்டு. "தலைவர் வர்றாரு சார், செக்போஸ்ட்லேருந்து இங்கவரைக்கும் கம்பம் நடணும், எவ்ளோ ஆகும்?" என்பார்கள். இவர் கோபப்படமாட்டார். உட்காரவைத்து, "கயிறு என்ன கயிறு?" என்று கேட்பார். கயிறெல்லாம் கிடையாது, தென்னங்கழியில் ஆணி அடித்துவிடுவோம் என்று அவர்கள் சொன்னதும்தான் அவர் முகம் மாறும். எந்தக் கட்சி என்பது கடைசிவரை அவர் காதில் விழாது.

வருடத்தில் இரண்டு நாட்களை எடுத்துவிட்டால் அவர் சாதாரண மனிதர். ஏரியைச் சுற்றி நடப்பார், கூழைக்கடா எத்தனை வந்திருக்கிறது என்று பார்ப்பார், கத்திரிக்காய் விலை விசாரிப்பார். ஜனவரி 25, ஆகஸ்ட் 14 மாலை ஆனதும் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் கயிற்றுச் சுருளும் பின்பக்கத்தில் ஒரு சாரணப் பையனுமாகப் புறப்பட்டுவிடுவார். கோவர்த்தனகிரி, வசந்தம் நகர், காமராஜ் நகர் என்று ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். கப்பி சுழல்கிறதா, துருப்பிடித்து நிற்கிறதா, போன தடவை அறுந்த கயிற்றின் மிச்சம் உள்ளே சிக்கியிருக்கிறதா என்பது அவருக்குக் கீழிருந்தே தெரிந்துவிடும். பையனுக்கு எண்ணெய்க் கிண்ணம் பிடிக்கிற வேலை. கம்பத்தில் ஏறுகிற வேலை அந்தந்த நகரின் எலக்ட்ரீஷியனுக்கு.

"சுதந்திர தினத்துக்குக் கொடியைக் கீழேயிருந்து ஏற்ற வேண்டும், குடியரசு தினத்துக்கு மேலேயே கட்டிவைத்து அவிழ்க்க வேண்டும்" என்று வருடத்துக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் நமக்கெல்லாம் பாடம் வருமே, அதைக் காட்டி அவரிடம் யாராவது மாட்டிக்கொள்வார்கள். "படிச்சேன். சரிதான்," என்பார். "ஆனா நம்ம நகர்ல ரெண்டு நாளுக்கும் அவிழ்க்கிறதுதான். கீழேருந்து ஏத்தச் சொன்னா தலைவர் பாதியில நிறுத்திட்டு போட்டோவுக்குச் சிரிப்பார்." சாரணர் கூட்டங்களில் எப்போதுமே இந்த முறைதான். கொடி முன்கூட்டியே உச்சிக்குப் போய்ப் பொட்டலமாகக் காத்திருக்கும். பிள்ளைகள் குதிரை லாடம் போல வளைந்து நிற்பார்கள். அழைக்கப்பட்டவர் முன்னால் வந்து கயிற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் விரியவேண்டும்.

அந்த ஒரு இழுப்புக்குப் பின்னால் இருப்பதுதான் கொடி சாரின் வாழ்நாள் கல்வி. கொடியை நீளவாக்கில் மடித்து, பறக்கும் முனையிலிருந்து கயிற்றோரம்வரை விசிறி மடிப்பாகக் கொண்டுவந்து, நடுவில் ஒரு கைப்பிடி பூ வைத்து, கயிற்றை அதன்மேல் சுற்றி, ஒரு மடியை மட்டும் அடியில் செருகுவார். செருகல் கூடினால் சிறப்பு விருந்தினர் கயிற்றில் தொங்கினாலும் திறக்காது. குறைந்தாலோ, விருந்தினரின் கார் ஆவடி - பூந்தமல்லி சாலையில் நெரிசலில் நிற்கும்போதே இங்கே கொடி தானாக விரிந்து காலி நாற்காலிகளின்மேல் பூச்சொரிந்துவிடும். பூவிலும் விஷயம் இருக்கிறது. பன்னீர் ரோஜா இதழ் பனியில் நனைந்தால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மல்லிகை மொட்டு கல்மாரிபோல் விழும். சாமந்தியைப் பிய்த்து, ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்திப் போட்டால் மிதந்து வரும். ஒரு தடவை கவுன்சிலரின் ஆட்கள் ஆசை மிகுதியில் அரைக்கிலோ பூவைத் திணித்துவிட்டார்கள். கயிறு இழுத்ததும் கட்டியாக ஒன்று வந்து தலைவரின் தோளில் இறங்கியது. அவருக்கு அன்றைக்கு மாலை மரியாதை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

துணி மாறியதில் அவருக்குப் பெரிய மனக்குறை. 2021 டிசம்பர் 30இல் கொடி விதித் தொகுப்பைத் திருத்தி, இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அதுவரை கையால் நூற்று நெய்த கதர்தான். "கதர் சொன்ன பேச்சு கேக்கும். மடிச்ச எடத்துல மடிஞ்சு கெடக்கும். பாலியஸ்டர் இருக்கே, அது அவசரக்குடுக்கை. இந்தப் பக்கம் மடிச்சா அந்தப் பக்கம் வழுக்கிட்டுப் போகுது," என்று புலம்புவார். ஆவடி மார்க்கெட் நடைபாதையில் கொடி விற்பவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. டேப் வைத்து மூன்றுக்கு இரண்டு சரியாக இருக்கிறதா என்று அளப்பார். அப்புறம் சக்கரத்தில் ஆரம் எண்ண ஆரம்பிப்பார். இருபத்துநாலும் எண்ணி முடிப்பதற்குள் பின்னால் நாலு பேர் கூடிவிடுவார்கள். "வாங்குறதுன்னா வாங்கு பெருசு, எண்ணுறதுன்னா வூட்ல போய் எண்ணு" என்று ஒரு பையன் சொன்னான். இவர் விரலை எடுக்காமல், "பதினேழு... நீ பேசிப் பேசிக் குழப்பாதே" என்றார்.

ஆனால் ஆவடிப் பக்கத்தில் கொடி சாராக இருப்பது வேறு ஊரில் இருப்பதுபோல் அல்ல. 1961இல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ், சிறப்புக் காவல் படை என்று காக்கியும் பச்சையும் நீலமுமாக ஊர் நிறைந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்களெல்லாம் பக்கத்தில் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். ஆகவே எங்கள் நகரில் கொடியேற்றத்துக்கு வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் நிபுணர்கள்.

ஜன கண மன தொடங்கியதும் பார்க்கவேண்டும். முன்னாள் ராணுவக்காரர் உள்ளங்கையை முன்னால் விரித்து சல்யூட் வைப்பார். கடற்படையிலிருந்து வந்தவர் உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படை 2006இல் தன் சல்யூட்டை மாற்றிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்தியது. அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர் பழையபடிதான் வைப்பார், பின்னால் ஓய்வு பெற்றவர் புதியபடி வைப்பார், இருவரும் ஒரே தெரு. இவர்களுக்கு நடுவில் கொடி சாரும் அவருடைய பிள்ளைகளும் சுண்டுவிரலைக் கட்டைவிரலால் அமுக்கி மூன்று விரல் சல்யூட். மூன்று விரலுக்கும் மூன்று உறுதி: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் விதிக்குக் கீழ்ப்படிதல். மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஐ.டி. பையன் இத்தனையையும் பார்த்துக் குழம்பி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டான்.

இதில் கொடி சாருக்கு ஒரு சட்டப் பிரச்சினை இருக்கிறது. சீருடையில் இருப்பவர்கள்தான் சல்யூட் செய்யவேண்டும், மற்றவர்கள் நேராக நின்றால் போதும் என்பது விதி. அரைக்கால் சட்டையும் பனியனுமாக வந்து சல்யூட் வைக்கிற சுபேதாரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு வருடம் சொல்லியே விட்டார். சுபேதார் நிதானமாக, "சார், யூனிஃபார்ம் உடம்புக்குள்ள இருக்கு" என்றார். கொடி சார் அன்றைக்குச் சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, ஸ்கார்ஃப், விசில் கயிறு, தொப்பி எல்லாவற்றோடும் நின்றுகொண்டிருந்தார். அவருடையது வெளியேதான் இருந்தது. அதிலும் இடுப்புப் பக்கம் ரொம்ப வெளியே. உடைத் தொழிற்சாலையில் டெய்லராக இருந்த எதிர்வீட்டுக்காரர், ராணுவத்துக்குத் தைத்த அதே கையால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கால்சட்டையைப் பிரித்து விட்டுக்கொடுக்கிறார். "இதுக்குமேல துணி இல்ல வாத்யாரே" என்று போன மாதம் எச்சரித்திருக்கிறார்.

விழா என்றால் அவருக்கு விநாடிக் கணக்கு. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55, சாரணர் பிரார்த்தனைக்கு 90, கொடிப்பாடலுக்கு 45, தேசிய கீதத்துக்கு 52. எல்லாம் யாரோ எழுதிவைத்த கணக்குதான். ஆனால் கையில் கடிகாரம் பிடித்துப் பாடவைப்பவர் அவர் ஒருவர்தான். பிரார்த்தனையும் கொடிப்பாடலும் இந்தி. பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. அவருக்கும் முக்கால்வாசிதான் தெரியும். இருந்தாலும் 45ஆவது விநாடியில் டக்கென்று நின்றுவிடுவார்கள். சிறப்பு விருந்தினரின் உரைக்கு மட்டும் எந்த அரசாங்கமும் விநாடி குறிக்கவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. பேச்சு நீண்டு, வெயிலில் ஒரு குருளையர் பையன் ஆட ஆரம்பித்தால், இவர் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றுகொள்வார். பையன் சாய்கிறபோது பிடிப்பதற்கு. மேடையில் இருப்பவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

யார் கயிறு இழுப்பது என்கிற சண்டையையும் அவர்தான் தீர்க்கவேண்டும். சங்கத் தலைவரா, முன்னாள் தலைவரா, நன்கொடை கொடுத்த ஜவுளிக்கடைக்காரரா? "முதலமைச்சருக்கே 1974லதான் ஆகஸ்ட் 15க்குக் கொடியேத்துற உரிமை கெடைச்சுது. கலைஞர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் கவர்னர்தான். முதலமைச்சரே இருபத்தேழு வருஷம் காத்திருந்திருக்காங்க. நீங்க அடுத்த ஜனவரிவரைக்கும் காத்திருக்க மாட்டீங்களா?" என்பார். இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. முடிவானவருக்கு அன்று காலையே ஒத்திகை நடக்கும். தொங்குகிற இரண்டு கயிற்றில் இழுக்கவேண்டியதில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார். "சிவப்பு, சார். சிவப்பு." மேளம், கைதட்டல், கேமரா எல்லாம் சேர்ந்த அந்தக் கணத்தில் பத்துக்கு நாலு பேர் மற்றதைத்தான் இழுப்பார்கள். பொட்டலம் பிரியாமல் அப்படியே கீழே இறங்கி வரும். அப்போது கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்ப்பது இழுத்தவரை அல்ல, கொடி சாரை.

சரித்திரத்தையும் அவர் இந்தக் கயிற்று வழியாகத்தான் பார்ப்பார். பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களோடு முதல் முகாம் போட்டதைச் சொல்லும்போது, அங்கே பறந்தது மாஃபெகிங் முற்றுகையின்போது பறந்த கொடி என்பதில் வந்து நிற்பார். வெள்ளைக்காரர்களின் சாரணர் சங்கத்தில் இந்தியப் பையன்களுக்கு இடமில்லை என்றிருந்தபோது அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் இதே சென்னையில் தனியாகச் சங்கம் ஆரம்பித்தாரே, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும். பேடன் பவல் 1921இல் இங்கே வந்த பிறகுதான் அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. "அம்மா கொடுத்த ஸ்கார்ஃப்பு" என்று சொந்தத் தாயார் கொடுத்ததுபோல் பேசுவார்.

கொடிகாத்த குமரனைக் கும்பிடுவார். ஆனால் அவர் மனசு லயிப்பது ஆர்யா பாஷ்யத்திடம். 1932 ஜனவரி 26, இரவு, புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் தன்னந்தனியாக ஏறி, யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு மூவர்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கியவர். இந்தக் கதையைக் கேட்டால் நமக்கெல்லாம் புல்லரிக்கும். கொடி சாருக்கும் அரிக்கும், வேறு இடத்தில். "அந்த உசரத்துல, இருட்டுல, கடல் காத்துல... என்ன முடிச்சு போட்டிருப்பார்? க்ளோவ் ஹிட்ச்சா, ரீஃப் நாட்டா? பெரிய சிற்பி, பாரதியார் படமெல்லாம் வரைஞ்சவர். இதை ஒரு வார்த்தை கேட்டு எழுதிவைக்க ஊர்ல ஒருத்தனுக்குத் தோணலியே!" இந்த வருத்தத்தில் அவர் இட்லியைப் பாதியில் விட்டு எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

2025 ஜனவரி 28இலிருந்து ஒரு வாரம் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா ஜாம்பூரி நடந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள்; வெளிநாட்டிலிருந்தும் வந்திருந்தார்கள்; முதலமைச்சர் வந்து பேசினார். கொடி சாரும் போய்வந்தார். திரும்பி வந்தவரிடம் தெருவே கூடி எப்படி இருந்தது என்று கேட்டது. மணப்பாறை முறுக்கை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "கப்பியெல்லாம் பேரிங் போட்டது. எறும்பு ஊர்ற சத்தம்கூட இல்ல" என்றார். அவ்வளவுதான் ஜாம்பூரி.

அவருக்கு நேர்ந்த பெரிய அடி 2022இல். ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீட்டுக்கு வீடு கொடி என்று அறிவித்தார்கள். முதல் நாள் மாலை சூரியன் இறங்குகிற நேரம், இவர் சீருடை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் காலிங்பெல் அடித்தார். "இருட்டப்போகுது, கொடியை இறக்குங்க." சூரியன் மறைந்தால் கொடி இறங்கவேண்டும், ஏற்றும்போது விறுவிறுப்பாக, இறக்கும்போது மெதுவாக. அவருக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. ஐ.டி. பையன் போனை நீட்டினான். போன மாதம்தான் திருத்தியிருக்கிறார்கள், வெளியிடத்திலும் வீட்டிலும் இரவும் பகலும் பறக்கலாம் என்று. கொடி சார் கண்ணாடியை ஏற்றி மூன்று முறை படித்தார். பிறகு, "பறக்கலாம்னுதானே போட்டிருக்கு, பறந்தே ஆகணும்னு போடலியே" என்றார். இரண்டு மாடி ஏறி அவர் வந்திருந்ததைப் பார்த்து அந்தப் பையனே கொடியை இறக்கிக் கொடுத்தான். மற்ற வீட்டுக்காரர்கள் அவ்வளவு நல்லவர்கள் அல்ல.

பதினைந்து முடிந்தது, இருபது ஆனது, மாதமும் முடிந்தது. பால்கனிக் கம்பியிலும், பைக் கண்ணாடியிலும், தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டின கொடிகள் கட்டினபடி. காவி வெளுத்துப் பச்சையும் வெளுத்து, கிட்டத்தட்டச் சமாதானக் கொடியாகிவிட்டன. கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வாங்கி ஒரு சாக்கு நிறையச் சேர்த்துவிட்டார். கிழிந்து பழுதான கொடியைக் குப்பையில் போடக்கூடாது. தனிமையில், முழுமையாக, முடிந்தால் எரித்து, மரியாதையோடு அப்புறப்படுத்தவேண்டும் என்கிறது விதித் தொகுப்பு. கொடி சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தார். மொட்டை மாடி. பழைய இரும்புச் சட்டி. முழுச் சீருடை.

கதராக இருந்தால் சாம்பலாகிப்போய் யாருக்கும் தெரிந்திருக்காது. பாலியஸ்டர் காட்டிக்கொடுத்துவிட்டது. உருகிச் சொட்டி, கருகல் நாற்றத்தோடு புகை எழும்பி எதிர் மாடிக்குப் போனது. எதிர் மாடியில் இருந்தவர் முப்பது வருடம் ரிசர்வ் போலீஸில் இருந்தவர். அவர் கண்டது இதுதான்: இருட்டில் ஒரு ஆள் தேசியக் கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீயில் போடுகிறான். ஐந்தே நிமிடத்தில் தரைப்படை, விமானப்படை, போலீஸ், டாங்கித் தொழிற்சாலை ஆகிய நான்கு துறைகளும் டார்ச்சோடும் கழியோடும் படியேறி வந்துவிட்டன.

கொடி சார் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், மூன்று விரல் புருவத்தில்.

"என்ன சார் பண்றீங்க?"

பதில் இல்லை.

"சார், உங்களைத்தான். என்ன எரிக்கிறீங்க?"

சல்யூட்டில் இருக்கும்போது பேசக்கூடாது. அவர் பேசவில்லை. சுபேதாருக்குச் சந்தேகம் முற்றியது. அப்போது படிக்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல்: "அவர் இப்ப பேசமாட்டாருங்க. அது எரிஞ்சு முடியணும். நீங்கல்லாம் காபி சாப்பிடறீங்களா?"

எரிந்து முடிந்தது. கையை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஜெராக்ஸை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான்கு துறைகளும் தலையைக் குனிந்துகொண்டன. அதோடு விட்டிருக்கலாம். "தனிமையில்னு தெளிவா போட்டிருக்கு. இப்ப இங்க பதினோரு பேர் இருக்கீங்க. இனிமே பண்ணினா செல்லாது. மிச்சம் அரைச் சாக்கு இருக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை" என்று சொல்லி எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டார். காபி மட்டும் கிடைத்தது.

அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊரே கொடியைக் கொண்டுவந்து கொடுக்கிறது, சேக்காட்டிலிருந்துகூட. துவைத்து, மடித்து, காவி மேலே தெரிகிறமாதிரி கொடுக்கவேண்டும். கசங்கிய கொடியைத் திருப்பி அனுப்பிவிடுவார். போன தடவை ஒரு அம்மா பெரிய பையோடு வந்து, "கொடி ஒண்ணுதான் சார். கூடவே பழைய கர்ட்டன் நாலு இருக்கு, அதையும் சேர்த்துக் கொளுத்திடுங்களேன், வீட்ல எடத்தை அடைக்குது" என்றார். கொடி சாருக்கு வந்த கோபத்தில் மீசை துடித்தது. கர்ட்டனை வெளியே இழுத்துப் பார்த்தார். மேல்விளிம்பில் பித்தளை வளையங்கள். ஒன்றைச் சுண்டிப் பார்த்தார், கயிற்றை நுழைத்துப் பார்த்தார். "வெச்சிட்டுப் போங்கம்மா," என்றார், "வேற வீட்லயும் இருந்தா சொல்லுங்க."